ஒற்றை இருக்கை ஆகாயக்கப்பல்

நாசரேத்
12 ஜனவரி 2025

அத்தானுக்கு,

ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. அம்மா சொல்லச் சொன்னார்கள். அவர்கள் சார்பில் ஸ்தோத்திரம்.

போனில் உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். கோபம் மட்டும் காரணமில்லை. நீங்கள் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிஷம் நான் "சரி" என்று சொல்லிவிடுவேன். கல்யாணமாகி ஆறு வருஷமாக அதுதான் நடக்கிறது. மாடியில் மழைத்தண்ணீர்த் தொட்டி கட்டச் சரி என்றேன், படுக்கையறைக்குள் ஒழுகியது. பழைய ஆட்டோவுக்கு பேட்டரி மாட்டச் சரி என்றேன். மில்லர்புரத்தில் நட்டநடு ரோட்டில் நின்றது, பட்டுச்சேலையோடு தள்ளியது நான். காகிதத்தில் உங்கள் வாய் வேலை செய்யாது. சொல்ல வேண்டியதை எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

நான் ஏன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று பக்கத்து வீட்டு இசக்கித்தாய் அக்காவிடம் விசாரித்தீர்களாம். "ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாக்கா" என்று வருத்தப்பட்டீர்களாம். அக்கா போனில் சொல்லிவிட்டு, "ஏளா, அவருக்கு நெசமாவே தெரியலளா" என்றார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சரி, நானே சொல்கிறேன். ஜனவரி இரண்டாம் தேதி மார்க்கெட்டிலிருந்து வந்து சின்ன அறையைத் திறந்தேன். குழந்தைக்கென்று நாம் மஞ்சள் பெயின்ட் அடித்த அறை. ஆகஸ்டில் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை இல்லாமல் திரும்பிய பிறகு நான் தினமும் கொஞ்ச நேரம் போய் உட்காருகிற அறை. உள்ளே என் உயரத்துக்கு இருபத்தாறு சிலிண்டர்கள் நின்றன. ஹீலியம். தொட்டில் பரணில் கிடந்தது, தலைகீழாக.

நீங்கள் ஆகாயக்கப்பல் கட்டுகிறீர்கள். நீளமாக இழுத்துவிட்ட பலூன் ஒன்று, அதன் அடியில் நாற்காலி, இரண்டு பக்கமும் காற்றாடி. திருநெல்வேலி ரோட்டோரம் நம் புதுக்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் ஏறி, துறைமுகம் பக்கத்தில் இறங்கி, வேலைக்குப் போகப் போகிறீர்கள். உங்களோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பைக்கிலும் கம்பெனி பஸ்ஸிலும் போகிறார்கள். முப்பத்தெட்டு வயதில் நீங்கள் மட்டும் மிதந்து போக வேண்டும்.

மிதந்து போங்கள். ஆனால் அந்த அறையிலிருந்து சிலிண்டர்களை எடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஜெப்ஸி


புதுக்கோட்டை
18 ஜனவரி 2025

ஜெப்ஸி,

பொங்கல் லீவுனால உன் லெட்டர் நேத்துதான் கைக்கு வந்தது.

தொட்டிலை இறக்கிட்டேன். தலைகீழா வெச்சது உள்ள தூசி விழக் கூடாதுன்னுதான். சிலிண்டரை மட்டும் இப்ப எடுக்க முடியாது. வெயில்ல வைக்கக் கூடாது, வீட்டுல வெயில் படாத அறை அது ஒண்ணுதான். ஒரு மாசம் பொறு.

மிதக்கிற ஆசையில நான் இதைச் செய்றதா நீ நினைக்கிறே. ரோடு உனக்குத் தெரியாததா? திங்கட்கிழமை ஆறே காலுக்குக் கிளம்பினேன். கம்பெனி கேட்டுக்குள்ள நுழைஞ்சப்ப எட்டு இருபத்தஞ்சு. இருபது கிலோமீட்டர்தான். உப்பு லாரி, கரி லாரி, கண்டெய்னர். அது பத்தாதுன்னு காத்தாலை இறக்கை ஏத்தின ஒரு வண்டி, அறுபது மீட்டர் நீளம், ரவுண்டானாவுல திரும்ப முடியாம குறுக்க நிக்கி. அந்த இறக்கையைப் பாத்துக்கிட்டே ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போயிட்டான். மேல பாத்தா ஆகாயம் காலியா கிடக்கு. ஒரு காக்கா மட்டும் போச்சு, ஹாரன் அடிக்காம.

நம்ம ஊர்ல விடியக்காலம் காத்து கரையிலேருந்து கடலுக்கு அடிக்கும். மத்தியானத்துக்கு மேல கடல்லேருந்து கரைக்கு. என் ஷிப்டும் அதேதான், காலையில கடல் பக்கம், சாயங்காலம் கரைப் பக்கம். போகும்போதும் பின்னாலருந்து தள்ளும், வரும்போதும் பின்னாலருந்து தள்ளும். இதை இத்தனை வருஷம் யாரும் யோசிக்கலைன்னுதான் எனக்கு ஆச்சரியம்.

துறைமுகத்துக்கு மேல போக மாட்டேன், அது தடை. முள்ளக்காடு பக்கம் சிவனாண்டி அண்ணாச்சி உப்பளத்துல ஒரு பாத்தி தரிசா கிடக்கு, அங்க இறங்கிக்கலாம்னுட்டார். "இறங்குறது சரி தம்பி, என் உப்பு மேல இறங்கிராதீரும்" அப்படின்னு மட்டும் சொன்னார். நாப்பது நிமிஷத்துல வேலைக்குப் போயிரலாம், ஜெப்ஸி.

ஹைட்ரஜன் வேண்டாம்னு நான்தான் முடிவு பண்ணினேன், தீப்பிடிக்கும்னு. அந்த அளவுக்குப் பொறுப்பு எனக்கும் இருக்கு. ஹீலியம் வாங்கித் தந்தது தங்கதுரை, கல்யாண வீட்டுக்கு பலூன் கட்டுறவன். இருபத்தாறு சிலிண்டர்னதும், "அண்ணாச்சி, உங்க வீட்ல எத்தனை பொண்ணுக்குக் கல்யாணம்?"னு கேட்டான். ரோஸ் கலர் வேணுமா, வெள்ளை வேணுமான்னு ரெண்டு தடவை கேட்டான். இந்த ஊர்ல ஒரு காரியம் செய்றதுக்குள்ள மனுஷனுக்கு உயிர் போயிருது. நீ ஒருத்தியாவது புரிஞ்சுக்குவேன்னு நினைச்சேன்.

கணக்குத் தாள் வெச்சிருக்கேன். நீதான் கணக்கு டீச்சர், சரி பாத்து அனுப்பு.

ஸ்டெபின்


நாசரேத்
27 ஜனவரி 2025

அத்தானுக்கு,

கணக்கைச் சரி பார்த்தேன். உங்கள் எடை 68 கிலோ என்று போட்டிருக்கிறீர்கள். அது கல்யாண வருஷத்து எடை. டிசம்பரில் கம்பெனியில் எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட் என் பீரோவில் இருக்கிறது. 79. உங்கள் ஹீலியம் தூக்குவது 172 கிலோ. துணி, சட்டம், மோட்டார், இரண்டு பேட்டரி, அதோடு உண்மையான ஸ்டெபின் எல்லாம் சேர்ந்தால் 179. நீங்கள் கிளம்பவே மாட்டீர்கள். நாற்காலியில் பெல்ட் போட்டுக்கொண்டு தோட்டத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நிமிஷம் ஆனது.

காற்று உங்கள் ஷிப்டுக்கு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா? ஒரு நாள் அது லீவு எடுத்தால்? வாகைக்குளம் ஏர்போர்ட் நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பது நினைவில் இருக்கிறதா? யாரிடமாவது அனுமதி கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டால் "இல்லை" என்பார்கள் என்று தெரியும்.

வேலைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்றால், வேலைக்குப் பக்கத்தில் குடி போவது என்று ஒரு வழி உண்டு. மில்லர்புரத்தில் வீடு பார்க்கலாம் என்று எத்தனை தடவை சொன்னேன்! மனிதர்கள் சாதாரணமாகச் செய்வது எதுவும் உங்களுக்குப் பிடிக்காது.

வியாழக்கிழமை நீங்கள் வேலைக்குப் போன பிறகு என் துணிகளை எடுக்க வந்திருந்தேன். அக்கா சொல்லியிருப்பார்கள். சின்ன அறை அப்படியேதான் இருந்தது. தொட்டிலை இறக்கி, சிலிண்டர்களுக்கு நடுவில் சொருகி வைத்திருக்கிறீர்கள். இறக்கிவிட்டேன் என்று நீங்கள் எழுதியது உண்மைதான். உங்களைப் பொய்யர் என்று சொல்லவே முடியாது, அதுதான் என் பிரச்சினை.

பின்னால் தோட்டத்துக்கும் போய்ப் பார்த்தேன். பலூன் துணியை மடித்து வைத்திருந்தீர்கள். சட்டம் நின்றது. வேலைப்பாடு சுத்தம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு ஆணிக்கும் மூடி போட்டிருக்கிறீர்கள். தண்ணீர் பாட்டிலுக்கு இடம், சாப்பாட்டு டப்பாவுக்கு இடம், குடைக்குக்கூட ஒரு கொக்கி.

ஆனால் சீட் ஒன்றுதான் இருந்தது. குடைக்கு இடம் யோசித்த மனிதருக்கு நான் நினைவுக்கு வரவில்லை. அதைப் பார்த்த பிறகு துணிகளைக்கூடச் சரியாக மடிக்க முடியவில்லை. பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஜெப்ஸி


புதுக்கோட்டை
5 பிப்ரவரி 2025

ஜெப்ஸி,

79 சரிதான். நேத்து தங்கதுரை கடைத் தராசுல ஏறிப் பாத்தேன். ஒரு பேட்டரியைக் கழட்டிட்டேன். பதினாலு கிலோ குறைஞ்சுது. இப்ப 165. தேங்க்ஸ்.

ஞாயித்துக்கிழமை முதல் தடவை காத்து ஏத்தி, கயித்துல கட்டி நாலு மீட்டர் உயரம் விட்டுப் பாத்தேன். நின்னுது! ஆடாம, அசையாம, தொழுவத்துல மாடு நிக்கிற மாதிரி நின்னுது. பாக்க ஊரே வந்துருச்சு. இசக்கித்தாய் அக்கா துணி காயப் போட்ட கயித்தை என் கயிறு இழுத்துட்டுப் போயி, அவங்க வீட்டுக்காரர் வேட்டி மேல பறந்துச்சு. அதுக்கு ஒரு மணி நேரம் ஏச்சு கேட்டேன்.

அன்னைக்கே சுடலைமாடன் கோவில் கமிட்டியிலருந்து முத்துச்செல்வம் வந்தான். கோவில் கொடைத் திருவிழாவுல சாமி மேல பூத் தூவ இதைத் தர முடியுமான்னு கேக்கான். "இது விளையாட்டுச் சாமான் இல்லப்பா, நான் ஆபீஸ் போறதுக்கு"ன்னேன். "சரிண்ணே, ஆபீஸ் இல்லாத நாள் பாத்து வெச்சுக்கலாம்"கான். நான் என்ன சொன்னாலும் எல்லாரும் தலையாட்டுதாங்க, ஒருத்தனுக்கும் விளங்கல.

சீட் விஷயம். ரெண்டு பேர்னா நீளம் பதினெட்டு மீட்டருக்கு மேல போகும். வீட்டுச் சுவருக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவுல நிக்காது. அதுதான் காரணம்னு எழுதி முடிச்சிரலாம்னு நினைச்சேன். அஞ்சாம் தேதி ஆரம்பிச்ச இந்தத் தாள் நாலு நாளா இப்படியே மேஜை மேல கிடக்கு.

நீ ஏறிப் போறதுக்காக இதைக் கட்டலை ஜெப்ஸி. நான் உன்கிட்ட வந்து சேர்றதுக்காகக் கட்டினேன். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி இது இருந்திருந்தா துறைமுகத்துலருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினஞ்சு நிமிஷம். எனக்கு அன்னைக்கு மூணு மணி நேரம் ஆச்சு. நான் வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. இனிமே ஒரு லாரி என்னைத் தடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

மில்லர்புரத்துக்குப் போகலாம்னு நீ சொல்லும்போதெல்லாம் நான் ஏன் பேச்சை மாத்தினேன்னு கேட்டா, அந்த மஞ்சள் அறை இந்த வீட்லதானே இருக்கு.

ஸ்டெபின்


நாசரேத்
13 பிப்ரவரி 2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் எழுதவில்லை. அம்மா, "என்னளா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள்.

நீங்கள் லேட்டாக வந்ததற்காக நான் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அந்தக் கோபத்தைத் தீர்க்கத்தான் இருபத்தாறு சிலிண்டரா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டிருக்கலாமே!

லேட்டாக வந்தீர்கள். ரோட்டில் லாரி கவிழ்ந்து கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இசக்கித்தாய் அக்கா என் கூடவே இருந்தார்கள். நான் கேட்பது வேறு. வந்த பிறகு எங்கே போனீர்கள்?

கட்டில் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றீர்கள். பிறகு ஃபாரம் நிரப்பப் போனீர்கள். மருந்து வாங்கப் போனீர்கள். என் அண்ணன் டேவிட்சனோடு சின்னப் பெட்டி வாங்கப் போனீர்கள். அடக்கம் முடிந்த மறுநாள் நான் படுத்திருந்த அறையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேஜையில் எதையோ வரைந்துகொண்டிருந்தீர்கள். ஆபீஸ் வேலை என்று நினைத்தேன். இப்போதுதான் தெரிகிறது, பலூன். அதற்குப் பிறகு இங்கே கல்லறைத் தோட்டத்துக்கு நீங்கள் ஒரு தடவைகூட வரவில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் பூ வாங்கி அண்ணனிடம் கொடுத்தனுப்பினீர்கள். நான்தான் பூவை வைத்தேன்.

எனக்கு உங்கள் வேகம் வேண்டாம். பக்கத்தில் உட்கார ஒரு மனிதர் வேண்டியிருந்தார். உங்களுக்கு உட்காரத் தெரியவில்லை. எதையாவது கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும்.

அன்றைக்கு அந்த ரோட்டில் மூன்று மணி நேரம் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. லாரி, லாரி என்று மட்டும் சொல்வீர்கள். லாரியை விடுங்கள். உங்களைப் பற்றி எழுதுங்கள். எனக்கு வேண்டியது அந்த ஒரு கடிதம்தான்.

அது வரைக்கும் பறக்காதீர்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

ஜெப்ஸி


நாசரேத்
26 பிப்ரவரி 2025

அத்தானுக்கு,

பதில் இல்லை. இரண்டு வாரமாக தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டு வாசலுக்குப் போய்ப் போய் வருகிறேன். நேற்று அவரே, "ஒண்ணும் இல்லைங்க டீச்சர்" என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டார்.

அக்கா காலையில் போன் செய்தார்கள். தோட்டத்தில் திரும்பக் காற்று ஏற்றுகிறீர்களாம். ஒரு பேட்டரியைக் கழற்றியதாக எழுதினீர்களே, அதைத் திரும்ப மாட்டினீர்களா? நான் உங்கள் எடையைச் சொன்னது நீங்கள் போகாமல் இருப்பதற்கு. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போவதற்கு இல்லை.

நான் எழுதுவதில் ஒரு வரியாவது உங்களுக்குள் போகிறதா?

ஜெப்ஸி


புதுக்கோட்டை
5 மார்ச் 2025

ஜெப்ஸி,

சனிக்கிழமை கடலோரப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நீ வந்து நின்னதை நான் எதிர்பாக்கலை. ஒரு துண்டும் மாத்து வேட்டியும் மேஜையில வெச்சே. எஸ்.ஐ. "நீங்க இவருக்கு யாரு?"ன்னு கேட்டதுக்கு, "மனைவி. எங்க கையெழுத்துப் போடணும்?"னே. போட்டுட்டு, என்னை ஒரு பார்வை பாத்துட்டு, பஸ்ஸுக்குப் போயிட்டே. அதுக்கு நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

என்ன நடந்துச்சுன்னு நீ பேப்பர்ல பாத்திருப்பே. அதுல பாதி தப்பு. நான் சொல்றேன்.

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு முத்துச்செல்வம் கயித்தை அவிழ்த்து விட்டான். தாழ்வாத்தான் போனேன், ஏர்போர்ட் பக்கம் போகலை. முதல் இருபத்தஞ்சு நிமிஷம் எல்லாம் நினைச்ச மாதிரியே. காத்தோட போறதுனால காத்தே தெரியலை. கீழே திருநெல்வேலி ரோட்டுல லாரி வரிசை நிக்கி, நான் மேல போறேன். நாய் குரைக்கிறது, டீக்கடையில பாட்டு, எல்லாம் காதுல விழுது. சந்தோஷமா இருந்தேன் ஜெப்ஸி. உன்கிட்ட மறைக்க மாட்டேன்.

டவுனுக்கு மேல வந்ததும் காத்து வேகமெடுத்துச்சு. தெற்கே முள்ளக்காடு பக்கம் திருப்பணும். ரெண்டு மோட்டாரையும் முழுசாப் போட்டேன். மூக்கு திரும்புது, உடம்பு கிழக்கேயே போகுது. மொட்டை மாடியில பல் விளக்கிக்கிட்டிருந்த ஒருத்தர் பிரஷ்ஷோட கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன், வேற என்ன செய்ய? திரேஸ்புரம் படகுத்துறைக்கு மேல வரும்போது பேட்டரி தீர்ந்துச்சு. நான் கழட்டி வெச்ச பேட்டரி வீட்ல சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் கீழே கடல்தான்.

வால்வை இழுத்தேன். சட்டம் தண்ணியில விழுந்ததும் பலூன் படகுப் பாய் மாதிரி காத்துல விரிஞ்சு என்னை இழுத்துக்கிட்டுப் போகுது. பெல்ட்டை அறுத்துட்டு குதிச்சு, ஒரு மிதவைக் கேனைப் பிடிச்சுக்கிட்டேன். கரை தெரியுது, ஆனா நீந்த முடியாத தூரம். முக்கால் மணி நேரம் கழிச்சு, வலை இழுத்துட்டுத் திரும்பின ஒரு நாட்டுப்படகு வந்துச்சு. கஸ்பார் அண்ணாச்சின்னு திரேஸ்புரத்துக்காரர். பக்கத்துல வந்து, "ஏலே, உயிரோட இருக்கியா? இல்ல பலூனை மட்டும் எடுக்கட்டா?"ன்னார். படகுல ஏத்தி, வெந்நீர் குடுத்து, கரை வர்ற வரைக்கும் ஏசினார். "கடல்ல போறதுக்கே பயந்து பயந்து போறோம். நீ ஆகாயத்துல போயி கடல்ல விழுந்துருக்கே. ஒனக்குப் பொண்டாட்டி இருக்காளா இல்லையாலே?"

இருக்கான்னேன்.

கேஸ் போட்டிருக்காங்க. நியாயம்தான். கம்பெனியில ஒரு மாசம் சஸ்பெண்ட். சட்டம் ஸ்டேஷன்ல கிடக்கு. காலி சிலிண்டரை எல்லாம் தங்கதுரை எடுத்துட்டுப் போயிட்டான், சின்ன அறையில இப்ப தொட்டில் மட்டும்தான். இதெல்லாம் எழுதறது சுலபமா இருக்கு. நீ கேட்ட லெட்டர் இது இல்லைன்னு தெரியும். ரெண்டு வாரமா நான் பதில் எழுதாததும் அதுனாலதான். எழுத உட்கார்ந்தா கை வரலை, எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிருவேன்.

தண்ணியில கிடந்தப்ப நான் ஜெபம் பண்ணலை. "இப்ப ஒரு படகு வரும், இப்ப ஒரு படகு வரும்"னு மட்டும் நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்பத்தான் உறைச்சுது. ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதியும் இதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அக்கா போன் பண்ணினது ரெண்டு மணி. காரை எடுத்தேன். கொஞ்ச தூரத்துல லாரி கவிழ்ந்து எல்லாம் நின்னுருச்சு. அங்கிருந்து ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர். நடந்தா ஒண்ணேகால் மணி நேரம். ஓடினா முக்கால். எதிர்ச் சந்துக்குள்ள போயி எவன் பைக்கையாவது கேட்டிருந்தா இருபது நிமிஷம். நான் இறங்கலை, ஜெப்ஸி. காரை நடுரோட்டுல விட்டுட்டு எப்படிப் போறதுன்னு தோணிச்சு. இப்ப நகரும்னு தோணிச்சு. கண்ணாடியை ஏத்திவிட்டு ஏசியில உட்கார்ந்திருந்தேன், மூணு மணி நேரம். முன்னால நின்ன லாரி நம்பர் இன்னும் எனக்கு மனப்பாடம்.

லாரி தடுத்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். லாரி தடுக்கலை. கதவைத் திறந்து இறங்காதது நான். அதை உன் முகத்தைப் பாத்துச் சொல்ல முடியலை. ரோடே இல்லாத ஒரு வண்டி கட்டிட்டா சொல்ல வேண்டிய அவசியம் வராதுன்னு நினைச்சேன்போல.

பிள்ளை முகத்தை நான் பாக்கவே இல்லை. துணி சுத்தின பெட்டியைத்தான் தூக்கினேன்.

ஸ்டெபின்


நாசரேத்
14 மார்ச் 2025

அத்தானுக்கு,

நீங்கள் கதவைத் திறந்து இறங்கவில்லை என்பதைப் படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடும் அளவுக்குக் கோபம் வந்தது. ஓடியிருக்கலாமே என்று சத்தமாகவே சொன்னேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கோபம் இரண்டு நாள் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு நான் செய்த ஒன்று நினைவுக்கு வந்தது. அதை நானும் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவுக்கு மட்டும் தெரியும்.

அவள் உயிரோடு பிறக்கவில்லை. நாலு மணிக்கே டாக்டர் சொல்லிவிட்டார். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு நர்ஸ், "பாப்பாவோட அப்பா வாற வரைக்கும் இங்கயே இருக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். நான் "வேண்டாம், கொண்டு போங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நீங்கள் இன்னும் வரவில்லை என்ற ஆத்திரம். தகப்பன் வராத இடத்தில் பிள்ளை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் வந்து கேட்டபோது, "பாக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் போனதற்கு ரோடு காரணமில்லை, உங்கள் காரும் காரணமில்லை. நான்தான். லேட்டாக வந்ததற்குக் கோபமில்லை என்று போன மாதம் பெருமையாக எழுதினேனே, அது முழு உண்மை இல்லை.

இப்போது சொல்கிறேன். உள்ளங்கை நீளம்தான் தலை. முடி நிறைய இருந்தது, எண்ணெய் தேய்த்த மாதிரி கறுப்பாக. மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. காது உங்களுடையது, மேல் மடிப்பு உள்ளே மடங்கிய காது. வலது கையை மூடியிருந்தாள். நான் விரலைப் பிரித்துப் பார்த்தேன், திரும்ப மூடி வைத்துவிட்டேன். கொஞ்சம் முகம் சுளித்த மாதிரி இருந்தது, யாரோ தூக்கத்தைக் கெடுத்ததுபோல.

எழுத்தில் இவ்வளவுதான் வருகிறது. மீதியை நேரில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை 22ஆம் தேதி வாருங்கள். பஸ்ஸில் வாருங்கள். எத்தனை மணிக்கு வந்தாலும் பரவாயில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். என்னை மன்னிக்க முடிகிறதா என்று அங்கே வைத்துச் சொல்லுங்கள். நானும் சொல்கிறேன்.

ஜெப்ஸி


நாசரேத்
24 மார்ச் 2025

அத்தானுக்கு,

சனிக்கிழமை நீங்கள் போன பிறகு அம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் காபியைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் அந்த மண்ணில் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். நான் பதினோரு மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் பேசினேன். நீங்கள் ஒரு கல்லைக்கூட நகர்த்தி வைக்கவில்லை. சிலுவை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்தீர்கள், நிமிர்த்தக் கை போனது, எடுத்துக்கொண்டீர்கள். நான் கவனித்தேன். அந்தக் காதைப் பற்றித் திரும்பச் சொல்லச் சொன்னீர்கள். மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை உங்கள் காதைத் தொட்டுக்கொண்டு அழுதீர்கள். ஆறு வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

மன்னிப்பைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. திரும்பி வரும் வழியில் நீங்கள் என் பையை வாங்கிக்கொண்டீர்கள். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதுமா என்று எழுதுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் இட்லிக்கு அரிசி களைய உள்ளே போனேன். பத்தே நிமிஷம். திரும்பி வந்தால் அம்மா வீட்டுத் தண்ணீர் மோட்டார் கிணற்றடியில் ஏழு துண்டாகக் கிடக்கிறது. "சத்தம் ஒரு மாதிரி வருது அத்தை, பேரிங் போயிருக்கு" என்று அம்மாவிடம் விளக்கம். அம்மாவும் "சரி மாப்ள" என்று தலையாட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்த மோட்டார் ஒரு மாதிரி சத்தத்தோடுதான் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. கடைசி பஸ் வந்துவிட்டது என்று அதை அப்படியே சாக்கில் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டீர்கள்.

இன்று திங்கட்கிழமை. மூன்று நாளாகக் கிணற்றில் வாளி போட்டு இறைக்கிறேன். தோள்பட்டை கழன்று விழுகிறது. இங்கே ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டினேன். சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதைக் கழட்டினவர்தான் மாட்ட முடியும்" என்று போய்விட்டார். உங்களோடு என்னால் முடியவில்லை.

சஸ்பென்ஷன் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதே. நாளைக்குக் காலையிலேயே கிளம்பி வாருங்கள். பேரிங் வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்குத் துணியும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வந்து மோட்டாரை மாட்டுங்கள்.

உடனே மாட்டி முடிக்க வேண்டும் என்று இல்லை. நான் வாளியில் இறைத்துக்கொள்கிறேன்.

ஜெப்ஸி